குயில் உட்காரும் கிளை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய அந்தக் கணவனும் மனைவியும் என் பக்கத்தில் கதவோரம் நின்றார்கள். கிட்டார் பை கணவர் தோளில் இருந்தது.

“இன்னிக்கு மட்டும் குயில் பாட்ட விட்டுரு.”

கணவர் சொன்ன அதைக் கேட்டுத்தான் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தேன்.

“நாட்டுப்பாட்டு மெட்டுல நானே எழுதின மொத பாட்டுங்க அது. மரம், பறவைன்னு ஷோ வச்சா என்னைத்தான் பாடக் கூப்பிடறாங்க. அதப் பாடாம வரச் சொல்றீங்களா?”

“புக்கிட் பாஞ்சாங் ஷோ லா. முன் வரிசை முழுக்க நம்ம புளோக்குல குடியிருக்கிற ஆளுங்க. அவங்களுக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நம்ம புளோக் மரத்துக் கிளைய வெட்டச் சொல்லி கம்ப்ளெயின் பண்ணது நீதான்னு.”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தக் குயிலு இருட்டு விலகுறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிடும். தூக்கமில்லாம தொண்டை கட்டிக்கிச்சு. நான் எப்படிப் பாடறது?”

“கம்ப்ளெயின் யாரு வேணா பண்ணலாம். வெட்ட வந்தவங்களுக்குக் கீழ நின்னு கை காட்டினியே, அதத்தான் எதிர்வீட்டு அக்கா பாத்துட்டாங்க. அது எந்தக் கிளையில உக்காரும்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?”

புக்கிட் பாஞ்சாங்கில் கதவு திறந்ததும் அந்த அம்மாள் கணவர் தோளிலிருந்து கிட்டாரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“பாடத்தான் போறேன். மைக்குல சொல்லிட்டே பாடறேன்.”

“என்னன்னு சொல்வ?”

“கிளைய வெட்டின பிறகும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடுது, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுன்னு.”