பேரில்லாத பாட்டில்

போடியில் ஒரு பெயிண்டுக் கடை. ஆணி வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கல்லா மேசையில் ஓங்கி வைத்தாள். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சமிருந்தது.

“நேத்து இதுல ஊத்திக் குடுத்தீகளே, என்ன ஆசிட்டுண்ணே?”

“கக்கூசு கழுவுற ஆசிட்டுதான் ஆத்தா.”

“அது செய்ற சோலி. நான் பேரைக் கேக்குறேன்.”

“ஆசிட்டுக்கு என்ன பேரு? எல்லாரும் ஆசிட்டுன்னுதான் கேட்டு வாங்கிட்டுப் போறாக.”

“ஏலத்தோட்டத்துல காய் எடுத்துட்டுக் களைச்சு வந்த எங்க வீட்டுக்காரரு, தண்ணின்னு நெனச்சு ஒரு மடக்கு குடிச்சிட்டாரு. என்ன ஆசிட்டுன்னு டாக்டரு கேக்குறாரு. ஒங்கள மாதிரியே ஆசிட்டுன்னு சொல்லிட்டு முழிச்சேன். பதினொண்ணு படிக்கிற எம் மக, ஹைட்ரோகுளோரிக்கு, சல்பியூரிக்கு, நைட்ரிக்குன்னு பேரை அடுக்குறா. இது எதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“இப்ப எப்படி இருக்காரு?”

“எச்சி முழுங்க முடியல. ஒங்க கடைப் பேரைப் பை பூராம் அச்சடிச்சிருக்கீகல்ல? இதோட பேரை இந்தப் பாட்டிலுல எழுதுங்க. வெரசா எழுதுங்க, டாக்டருகிட்டக் காட்டணும்.”

கடைக்காரர் மார்க்கர் பேனாவை எடுத்தார். பின்னால் இருந்த நீல ஆசிட் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு எழுத்தும் இல்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டு அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஒங்க மக சொன்னதுல மொதப் பேரு என்ன ஆத்தா?”