எல்லாம் நேராயிடுச்சு, ஒண்ணத் தவிர

இல்லக்கா, போடாம இல்ல. காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்கறவரைக்கும் மூக்கு மேலயேதான் இருக்கு. தடம் விழுந்துடுச்சு பாருங்க. நீங்கதான டெஸ்ட் பண்ணி இந்தக் கண்ணாடிய எழுதிக் குடுத்தீங்க, தப்பு கிப்பு இருக்கான்னு ஒருவாட்டி பாத்துருங்களேன். எனக்குச் சரியா சொல்ல வராது, கோவிச்சுக்காதீங்க. பாப்பா, அக்கா மேசைய நோண்டாத. இடுப்புல சும்மா இரு.

தெளிவில்லன்னு சொல்லலக்கா. தெளிவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெருவிளக்குக்கு வால் கெடையாதுன்னே இப்பத்தான் தெரியும் எனக்கு. சின்னதுலேர்ந்து எல்லா விளக்கும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுதான் தெரியும். விளக்குன்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். யாருகிட்டப் போய்க் கேப்பீங்க, உன் விளக்குக்கும் வால் இருக்கான்னு?

கோணல்தான்க்கா ரோதனை. அன்னிக்கு இந்தக் கண்ணாஸ்பத்திரிப் படிய எறங்கறேன், தரை அப்படியே சரியுது. செவுத்தப் புடிச்சுக்கிட்டே வீடு போய்ச் சேந்தேன். மறுநாள் வேலைக்குப் போனா அதவிட. லாண்டரில படுக்கை விரிப்பு மடிக்கறேன். ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு ஓரத்தோட ஓரம் சேக்கணும். என் கண்ணுக்கு விரிப்பு கோணிக்கிட்டு நிக்குது. நான் இழுத்து நேராக்கறேன், எதிர்ல நிக்கறவ, என்னடி காலைலயே வம்புக்கு இழுக்கற, நேராத்தான இருக்குங்கறா. மேசையில போட்டுப் பாத்தா நான் இழுத்த பக்கம்தான் பிதுங்கிக்கிட்டு நிக்குது. கண்ணாடி போட்டதும் எஞ்சினியர் ஆயிட்டியான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் கண்ண மூடிக்கிட்டுக் கையாலயே மடிச்சேன். சரியா வந்துச்சு.

ஆமா, அன்னிக்கே சொன்னீங்க. கண்ணு கோணலா கொண்டாந்து குடுத்தத மூளை நிமித்தி நிமித்தி வச்சே பழகிடுச்சு, இப்ப கண்ணாடி நேரா குடுத்தாலும் அது பழைய பழக்கத்துல இழுக்குது, கொஞ்ச நாள்ல அடங்கிடும்னு. அது வாஸ்தவம்தான்க்கா. அடங்கிடுச்சு. மொதல்ல தரை நேராச்சு. அப்பறம் கதவு, பீரோ. இப்ப விரிப்புல கூட அவகூட வம்பு இல்ல.

ஒண்ணு மட்டும்தான் நேராகல.

அதுக்குத்தான் கேக்கறேன். கண்ணாடியில ஒரு ஓரத்துல தப்பு இருந்தா, ஒரே ஒருத்தரோட கண்ணு மட்டும் கோணலா தெரியுமாக்கா? எல்லாரோடதும் இல்ல. எங்க வீட்டுக்காரர் கண்ணு நேராத்தான் இருக்கு. மாமியார் கண்ணும் அப்படித்தான். இப்ப உங்களுதும்.

அவருகிட்டச் சொல்லாம என்ன. சொன்னேன். உனக்குத் தரையே கோணலா தெரியுது, புள்ள கண்ணு தெரியாதான்னு சிரிச்சாரு. நல்ல புள்ளைய நொள்ளைங்கறாளேன்னு மாமியார் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

ஆமாக்கா. இவதான். மூணு வயசு நடக்குது.

பெத்ததுலேர்ந்து நான்தான் தூக்கறேன், நான்தான் ஊட்டறேன். என் பழைய கண்ணுக்கு இவ மூஞ்சி பஞ்சு மாதிரி இருக்கும். அழகா இருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்கறேன், வலது கண்ணு கொஞ்சமா மூக்குப் பக்கம் ஒதுங்கி இருக்கு. தரை சரியான மாதிரி இதுவும் சரியாயிடும், என் மூளைதான் இன்னும் பழகலன்னு தெனமும் குளிப்பாட்டும்போது பாப்பேன். துவட்டும்போது மறுபடி பாப்பேன்.

முந்தாநாள் கண்ணாமூச்சி ஆடிக்கிட்டு இருந்தோம். வலது கண்ண என் கையால மூடினேன், அவ பாட்டுக்குச் சிரிக்கறா. எடது கண்ண மூடினேன், கையத் தட்டி விட்டுட்டா. மறுபடி மூடினேன், அழுதுட்டா. இருட்டுல விட்ட மாதிரி அழுதா. அது என் கண்ணாடி இல்லயேக்கா. அதுதான் லீவு போட்டுட்டு வந்துட்டேன்.

அடிங்க, சின்ன டார்ச்சுதான, பயப்பட மாட்டா. பாப்பா, அக்கா வெளிச்சத்தப் பாரு. அம்மாவப் பாக்காத, அங்க பாரு.

எனக்கும் தெரியுதுக்கா. எடது கண்ணுல வெளிச்சம் பொட்டு மாதிரி நடுவுல நிக்குது. வலதுல தள்ளி நிக்குது.

அவ மூளையும் பழகிக்கிச்சாக்கா? அந்தக் கண்ணு வேண்டாம்னு?

இல்ல, இல்ல. சொல்லுங்க. அழல. இந்தக் கண்ணாடிய ஒரு நிமிஷம் புடிங்க, கண்ணத் தொடச்சுக்கறேன். கண்ணாடி தப்பு, மாத்தித் தரேன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் வழி முழுக்க வந்தேன்.

இந்த வயசுலயே வந்தது நல்லதா? நெஜமாத்தான் சொல்றீங்களா?

சரிக்கா. என் கண்ணாடியக் குடுங்க, போட்டுக்கறேன். கண்ணு டாக்டர் எந்த ரூம்ல இருக்காங்க?