பின்னால் ஊற்றிய தண்ணீர்

ருவைதா: அக்கா... வெயில் இவ்வளவு நேரம் இந்த ஜன்னல்லதானே அடிச்சுது?

நஹ்லா: ஆமா.

ருவைதா: இப்ப அந்தப் பக்கம் அடிக்குது பாரு.

நஹ்லா: சூரியன் ஒரே இடத்துலயா இருக்கும்?

ருவைதா: அஞ்சு நிமிஷத்துலயா இடம் மாறும்? ப்ளேன் திரும்பிடுச்சு.

நஹ்லா: அதெல்லாம் இல்ல. இந்தா, க்ளேச்சா தின்னு. அம்மா உனக்குன்னு பேரீச்சம்பழம் நிறைய வச்சு சுட்டது.

ருவைதா: பசிக்கல.

நஹ்லா: இஸ்தான்புல்ல மாப்பிள்ளை முன்னாடியும் இப்படியே மூஞ்சிய வச்சுக்காதே. வியாழக்கிழமை நிக்காஹ்.

ருவைதா: அவரு நாலு தடவை போன்ல பேசினாரு. நாலு தடவையும் தோல்மா செய்யத் தெரியுமான்னுதான் கேட்டாரு.

நஹ்லா: என்ன சொன்னே?

ருவைதா: தெரியாதுன்னேன்.

நஹ்லா: பொய்க்காரி. சட்டியோட வழிச்சுத் திங்கிற மாதிரி செய்வே... ஆரம்பத்துல எல்லாருக்கும் பயம்தான். நான் மோசூலுக்குக் கட்டிக்கிட்டுப் போனப்ப அழலையா? பழகிடுச்சு.

ருவைதா: சந்தோஷமா இருக்கியா?

நஹ்லா: பழகிடுச்சுன்னு சொன்னேனே.

ருவைதா: அக்கா, உன் காப்பி... தானா நகருது.

நஹ்லா: பிடி, பிடி... ஏன் இப்படி ஒரு பக்கமா சாயுது?

அறிவிப்பு: விமானி பேசுகிறேன். வாலில் விமானத்தைத் திருப்பும் பகுதி சரியாக அசையவில்லை. பாக்தாதுக்கே திரும்புகிறோம். பாதுகாப்பாக இறங்க எடை குறைய வேண்டும்; எரிபொருள் குறையும்வரை மேலே வட்டமடிப்போம். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம்.

ருவைதா: ...கேட்டியா?

நஹ்லா: கேட்டேன். கையை விடு, நகம் குத்துது.

ருவைதா: விட மாட்டேன்.

நஹ்லா: சரி... விடாதே.

ருவைதா: திஜ்லா ஆறு மறுபடியும் தெரியுது. இது மூணாவது சுத்து.

நஹ்லா: எண்ணாதேடீ.

ருவைதா: பின் சீட்டுக்காரர் கலிமா சொல்றாரு.

நஹ்லா: நீயும் சொல்லு.

ருவைதா: எந்த வாயால சொல்றது... நான் வேண்டினதுதான் நடக்குது.

நஹ்லா: என்ன வேண்டினே?

ருவைதா: ஏறினதுலேர்ந்து... இது போய்ச் சேரக் கூடாதுன்னு. எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம்க்கா. அதுக்காக இத்தனை பேரு... முன்னாடி அந்தக் கைக்குழந்தை...

நஹ்லா: பைத்தியமா உனக்கு? எங்கேயோ ஒரு இரும்பு சிக்கிக்கிச்சு. உன் வேண்டுதலுக்கு அவ்வளவு பலம் இருந்தா கணக்குல பாஸாகியிருப்பே.

ருவைதா: சிரிக்க வைக்காதே. பயமா இருக்கு.

நஹ்லா: எனக்கும்தான்.

ருவைதா: அம்மா நம்ம பின்னாடி தண்ணியாவது ஊத்தியிருக்கலாம். அண்ணன் வேலைக்குப் போனப்ப, பத்திரமா திரும்பி வரட்டும்னு குடம் நிறைய ஊத்தினாங்களே.

நஹ்லா: அவன் திரும்பி வரணும்ல. கல்யாணப் பொண்ணுக்கு நம்ம வீட்டுல ஊத்த மாட்டாங்க. அவ திரும்பி வரக் கூடாது.

ருவைதா: கார் கிளம்பினப்ப திரும்பிப் பார்த்தேன். வாசல் ஈரமா இருந்துச்சு.

நஹ்லா: பக்கத்து வீட்டுல கழுவி விட்டிருப்பாங்க.

ருவைதா: நீதான் கடைசியா கார்ல ஏறினே. உன் சட்டைக்கை நனைஞ்சிருந்துச்சு.

நஹ்லா: தொழுகைக்குக் கை கழுவினேன்.

ருவைதா: காலையில பத்து மணிக்கு என்ன தொழுகை?

அறிவிப்பு: இறங்குகிறோம். வழக்கத்தைவிட வேகமாக இருக்கும். குனிந்து தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ருவைதா: அக்கா...

நஹ்லா: குனி. இன்னும் குனி. என் கை உன் தலைமேலதான் இருக்கு.

ருவைதா: ஒரு பக்கமா இழுக்குது...

நஹ்லா: கண்ணைத் திறக்காதே.

ருவைதா: அக்கா... அக்கா...

நஹ்லா: இருக்கேன்... இங்கதான் இருக்கேன்...

ருவைதா: சக்கரம் தரையில இடிக்குது...

நஹ்லா: நின்னுடுச்சு. ருவைதா, தலையைத் தூக்கு. நின்னுடுச்சும்மா.

ருவைதா: எல்லாரும் கை தட்டுறாங்க... எனக்குக் கையே வரல.

அறிவிப்பு: இறைவனுக்கு நன்றி. மூன்று மணி நேரத்தில் வேறு விமானம் இஸ்தான்புல் புறப்படும்.

ருவைதா: மூணு மணி நேரம்... போன் அடிக்குது. பாபா.

நஹ்லா: இங்க கொடு. பாபா... பத்திரமா இருக்கோம்... அடுத்த ப்ளேனா? இல்ல பாபா. வீட்டுக்கு வர்றோம்... அவளும்தான்... கத்துங்க, நேர்ல வந்து கேட்டுக்கறேன்.

ருவைதா: அக்கா, உன்னைக் கொன்னுடுவாரு.

நஹ்லா: எழுந்திரு. க்ளேச்சா டப்பாவை எடு.

ருவைதா: தண்ணி ஊத்தினது நீதானே?

நஹ்லா: ஒரு வாளி... நான் மோசூலுக்குப் போனப்ப எனக்கு யாரும் ஊத்தல, ருவைதா.