வெறுங்கால்

ஆமா மதினி, கறுத்துத்தான் இருக்கு. எம் பொண்ணுக்கு ரெண்டு கட்டைவிரல் நகமும். அவ உங்க கால்ல விழுந்து கும்பிடும்போது பாத்துட்டீங்க. கதவுல இடிச்சதுன்னு சொல்லிருவோம்னுதான் நெனச்சேன், வாய் வரல. அது பந்து ஒதைச்ச காலு. ஆமா, ஃபுட்பாலு. பொண்ணு பாக்க வந்த எடத்துல எல்லார் முன்னாலயும் கேக்காம, அடுப்படிக்குத் தனியா எந்திரிச்சு வந்து கேட்டீங்க பாருங்க, அதுக்காகவே நெசத்தச் சொல்லுதேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கேசரி ஆறட்டும்.

யாரு, எங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தா ஃபோன் பண்ணுனாக? அந்தப் புள்ளைக்குப் பந்து வெறின்னா? வெறியாம்! வெறி நாய்க்குல்லா பிடிக்கும்?

கொஞ்சம் முன்ன ஹால்ல என்ன சொன்னீங்க? எம் மவன் ஜெயபிரகாஷுக்குக் கிரிக்கெட்டுன்னா உயிரு, மேட்ச் வந்தா ஆபீஸுக்கே லீவு போட்ருவான்னு. எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன். பையன் சோபாவுல உக்காந்து டிவி பாத்தா உயிரு, பொட்டப்புள்ள வெயில்ல எறங்கி ஆடுனா வெறி. நல்லா இருக்கு நாயம். தப்பா எடுத்துக்கிடாதீங்க. சரி, எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கிடுங்க.

எங்க வீட்ல அவுகளையே பாருங்களேன். ரயில்வேல ஹெட் கிளார்க்கு. வருஷம் தவறாம கார்த்திகை ஒண்ணாந் தேதி மாலை போட்ருவாக. நாப்பத்தொரு நாளும் செருப்பு கெடையாது. வெறுங்காலோட நடந்துதான் ஆபீஸு. குதிகால் வெடிச்சு ரத்தம் கசியும். ராத்திரி மஞ்சள் அரச்சு நான்தான் பூசிவிடுவேன். எதுத்த வீட்டு ஆளுக சாமின்னு குனிஞ்சு காலத் தொட்டுக் கும்பிடுவாக. அதுக்குப் பேரு பக்தி. நான் கொற சொல்லல, நானும் கும்பிடுதவதான்.

இந்த ஊர்க்காரங்க வேற மாதிரி. கீழ் வீட்டு மாஷிமா இருக்காகல்லா, பெங்காலி அம்மா, அவுக வீட்டுக்காரரு அவரோட கிளப்பு தோத்துட்டா ரெண்டு நாளு சாப்பிட மாட்டாரு. ஜெயிச்சா மாடிப்படி முழுக்க மீன் வாசம்தான், நாங்க சன்னல மூடிக்கிடணும். அவரப் பாகோல்ன்னு சொல்லுவாக. நம்ம பைத்தியந்தான். ஆனா புள்ள கன்னத்தக் கிள்ளுத மாதிரி சொல்லுவாக. அந்த மனுசனும் மெடல் குத்திவிட்டாப்ல நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போவாரு. நம்ம ஆளுக வாயில அதே வார்த்தை வரும்போது மட்டும் ஏன் கல்லெறியுத மாதிரி இருக்கு?

கீதாஞ்சலிக்கு மொதல் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது அந்த மனுசன்தான். அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. தொண்ணூத்தாறு கார்த்திகை மாசம். தெருக் கிளப்புல சின்னப் பயலுகளுக்குப் போட்டி வச்சாக. பயலுகளோட இவ ஒருத்தி. கடைசி ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டா. என்ன பரிசு குடுத்தாகன்னு நெனைக்கீங்க? கப்பு கிப்பு ஒண்ணும் இல்ல. மூணு கிலோ கட்லா மீனு! இங்க அப்படித்தான், பெரிய ஆட்டம்னா ஆட்டுக் கெடாயே குடுப்பாக.

நாங்க சைவம், முட்டை கூடப் படியேறாது. அந்தப் புள்ள என்ன செஞ்சா தெரியுமா? எது கெடைச்சாலும் மொதல்ல சாமிகிட்ட வைக்கணும்னு அவ அப்பா சொல்லிக் குடுத்தது. மார்க் ஷீட்ட அப்படித்தான் வைப்பா. அதே மாதிரி நேரா உள்ள போயி, ஐயப்பன் படத்துக்கு முன்னால, வெளக்குப் பக்கத்துல, எலைய விரிச்சு மீன வச்சுட்டா! வச்சுட்டுக் கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கா. அவுக மாலையோட குளிச்சுட்டு வந்து பாக்காக.

சிரிக்கீங்க. இப்ப எனக்கும் சிரிப்புதான் வருது. அன்னைக்கு வரல. அவுக அப்படியே மூலையில உக்காந்துட்டாக. நான் வீடு முழுக்கக் கழுவுனேன். கோட்டிப் புள்ள, பைத்தியக்காரப் புள்ளன்னு நான் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. அவ அழல. சாமிக்குத்தானம்மா வச்சேன்னு ஒரே ஒரு தடவ சொன்னா. அன்னைக்கோட பூட்ஸும் போச்சு, ஆட்டமும் போச்சு.

அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன், எட்டு வருஷம். ஞாயித்துக்கிழமையானா அந்தக் கிளாஸு இந்தக் கிளாஸுன்னு பெஹாலாவுக்குப் போவா. போன மாசம் ஜாதகம் பொருந்திருச்சுன்னு நீங்க ஃபோன் பண்ணுனீங்கல்லா, சந்தோசத்துல அவளக் கூட்டிக்கிட்டுச் சேலை எடுக்கப் போவோம்னு நேரா அங்க போனேன். கிளாஸும் இல்ல ஒண்ணும் இல்ல. மைதானம். ஜனமெல்லாம் பாகோல் மேயே, பாகோல் மேயேன்னு துள்ளுது. கோட்டிப் புள்ளன்னுதான் அர்த்தம், ஆனா அப்படி ஒரு ஆசையாக் கத்துதாக. யாரு பெத்த புள்ளையோன்னு எட்டிப் பாத்தா, எம் புள்ள. அத்தன பேரும் பூட்ஸ் போட்ருக்காக, இவ மட்டும் வெறுங்காலு. வீட்டுக்குக் கொண்டு போனா தெரிஞ்சிரும்னு எட்டு வருஷமா பூட்ஸே வாங்கலையாம்.

நாப்பத்தொரு நாளைக்கே காலத் தொட்டுக் கும்பிடுதோமே மதினி, எட்டு வருஷத்துக்கு என்ன பேரு வைப்பீங்க? சொல்லுங்க. என்ன பேரு வேணும்னாலும் வையுங்க, கல்யாணத்துக்குப் பொறவும் அவ ஆடுவா. அதுல மாத்தம் கெடையாது.

ஹால்ல பொண்ணத் தேடுதாகளா? பின்கதவுச் சத்தம் கேட்டுச்சே, அது அவதான். மூணு மணிக்கு ஆட்டம். நான்தான் போகச் சொன்னேன். அந்தா, அவுத்துப் போட்ட பட்டுச்சேலை கெடக்கு. நானும் கெளம்பணும். சம்மதம்னா ஜெயபிரகாஷையும் கூட்டிக்கிட்டு எங்கூட வாங்க. இல்லன்னா கேசரியச் சாப்பிட்டுட்டுப் போங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

இந்தப் பொட்டியா? பூட்ஸுதான். நேத்து வாங்கிட்டு வந்தேன். அவ போட்டுட்டுப் போகல, கால்ல ஏறல. சின்னதாப் போச்சு. கடைக்காரன் என்ன நம்பருன்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச நம்பரு ஒண்ணுதான மதினி. அன்னைக்குக் கோட்டி கோட்டின்னு கத்திக்கிட்டே அந்த மொதல் பூட்ஸக் கங்கைல வீசுனேன், அப்ப அடியில பாத்தது.