டீச்சரம்மாவின் தங்கமீன்கள்

கொட்டாம்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர், மடியிலிருந்த வாளியின் ஈரத்துணியைச் சரிசெய்தபடி பக்கத்திலிருந்த தங்கை புருஷனிடம் சொன்னார்: "சுத்தம் பண்ணித்தேன் மாப்ள, அம்புட்டையும் கொன்னுட்டேன்."

அவர் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் என்று பேச்சில் தெரிந்தது.

"எதைக் கொன்னீக மச்சான்?"

"பெரிய டீச்சரம்மா வளத்த தங்கமீனுகளை. அவுக லீவு முடிஞ்சு வாரதுக்குள்ள தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டி பளிச்சுன்னு இருக்கணும்னு நெனச்சேன். மீனுகளைப் பழைய தண்ணியோட அண்டாவுல விட்டுட்டு, மிச்சத் தண்ணிய எறைச்சு, பாசியத் தேய்ச்சுக் கழுவி, கெணத்துத் தண்ணிய ரொப்பி மீனுகளைத் திரும்ப விட்டேன்."

"நல்ல தண்ணிதான?"

"காலராவுக்குன்னு முந்துன நாளுதேன் கெணத்துல மருந்துப்பொடி போட்டிருந்தாக. மனுசனுக்கு நல்லதுன்னா மீனுக்கும் நல்லதுன்னு இருந்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் மெதந்துருச்சு."

"வாளியில இருக்கிறது?"

"அண்டாவோட அடியில ரெண்டு தங்கிருச்சு, நான் பாக்கல. பழைய தண்ணியில கெடந்ததால பொழைச்சிருச்சு. பாதித் தண்ணியத்தேன் மாத்தணுமாம். புதுத் தண்ணியவும் மருந்து போக ரெண்டு நாள் வெயில்ல வச்சு ஊத்தணுமாம். அம்மா சொல்லித்தேன் தெரியும்."

"ரொம்ப வைஞ்சாகளா?"

"ஒரு சொல்லு வையல. இந்த ரெண்டையும் நீயே கொண்டுபோயி வளத்துக்கன்னுட்டாக."

தங்கை புருஷன் சற்றுத் தயங்கிக் கேட்டார். "அப்ப வேலை?"

"வேலைக்கு வரச் சொல்லியிருக்காக. திங்கக்கிழமை தொட்டிய மண்ணு போட்டு மூடணும். ரோசாச்செடி வைக்கணுமாம்."