சோற்றுப் பானை திறந்த சுரங்கம்

விழாத் தலைவர் அவர்களே, குய்சோ மலைகளின் பெரியோர்களே, பிள்ளையை ஊரில் விட்டுப் பிழைக்கப் போன தாய்மார்களே, சிமெண்டுத் தூசி உதறாமல் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

உலகச் சந்தை சரிந்தபோது தாங்கிப் பிடித்தது சீனா என்றார் தலைவர். உண்மை. ஆனால் யார் அந்தச் சீனா?

அமெரிக்காவில் வங்கிகள் வீழ்ந்தன. கடற்கரை நகரான துங்குவானில் நாங்கள் வேலை பார்த்த பொம்மைத் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. முதலாளி ஓடிப்போனார். நானும் லுவோ சாய்யுனும் மூட்டையோடு ஊர் திரும்பினோம். சாய்யுனின் மகள் அவளை அடையாளம் தெரியாமல் அழுதாள். இனி இவளைப் பிரிவதில்லை என்றாள் சாய்யுன்.

அரசு ரயில் பாதைக்குப் பணத்தைக் கொட்டியது. மலையைக் குடைந்து ரயில் விடும் இந்தச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தார்கள். போனோம். மேஸ்திரி பாங் மறித்தார்.

"பொம்பள காலு பட்டா மலை கோவிச்சுக்கும், தங்கச்சி. சமையக்கட்டுக்குப் போ."

"மலை உங்ககிட்ட வந்து சொல்லுச்சாண்ணே?" என்றாள் சாய்யுன்.

சிரிக்கிறீர்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலுக்குத்தான் போனோம்; அதற்குப் பாதிக் கூலி. அதில் குடும்பம் நடக்காது. சாய்யுன் மறுபடி மகளை விட்டுக் கடற்கரை ஊருக்கே போக வேண்டும்.

மறுநாள் மதியம் சோற்றுப் பானையைச் சுரங்க வாயிலிலேயே இறக்கினாள் சாய்யுன்.

"பொம்பள கை பட்ட சோறுண்ணே. உள்ள போனா மலை கோவிச்சுக்கும். வெளிய வந்து தின்னுட்டுப் போங்க."

பாறை உடைக்கும் இடமோ வெகு ஆழத்தில். அத்தனை பேரும் வெளியே வந்து போனால் அன்றைய வேலை போச்சு. உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பாங் அண்ணே, மலைய நாங்க சமாதானம் பண்ணிக்கிறோம். அவங்கள உள்ள விடு, பசியில உயிர் போகுது."

பாங் அண்ணன் வழிவிட்டார். மலை கோபிக்கும் என்ற சாக்கு அன்றோடு போனது; பானையோடு போனவள் சுரங்கத் தொழிலாளியாக, முழுக் கூலியோடு நின்றாள். அவள் பின்னால் நானும் மற்றப் பெண்களும் போனோம். மலை கோபிக்கவில்லை.

நாங்கள் இங்கே இரும்புக் கம்பி கட்டினோம். ஆஸ்திரேலியாவில் இரும்புத் தாது வெட்டுகிறவனின் வேலை பிழைத்தது. நாங்கள் செம்பு மின்கம்பி இழுத்தோம். சிலியில் செம்பு தோண்டுகிறவன் வீட்டில் அடுப்பெரிந்தது. துரத்தப்பட்டவர்கள் தாங்கினோம் தோழர்களே! வீசியெறியப்பட்ட கைகள் தாங்கின! உள்ளே வராதே என்று மறிக்கப்பட்ட கால்கள் தாங்கின!

இன்று மலை திறந்துவிட்டது. சற்று நேரத்தில் சுரங்கத்துக்குள் தலைவர்கள் முதலில் நடப்பார்கள் என்று அறிவித்தார்கள். மன்னிக்க வேண்டும், முதலில் நடப்பவள் சாய்யுன். மலைக்கு அந்தப் பக்கம்தான் அவள் ஊர். அங்கே அவள் மகள் காத்து நிற்கிறாள்.

பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி. வணக்கம். கொஞ்சம் வழிவிடுங்கள், அவள் வருகிறாள்.