பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன்

ராக், மெட்டல் கேட்கிறவர்கள் ஹெட்ஃபோன் வாங்கும்போது செய்கிற முதல் தவறு, கடைக்காரர் "பேஸ் சும்மா அதிரும் சார்" என்று சொன்னதும் தலையாட்டிவிடுவது. நீங்களும் அதைச் செய்துவிடாதீர்கள். பேஸ் அதிகமானால் டிரம்மும் கிட்டாரும் குழைந்துபோய், எது எதுவென்று தெரியாத கூழாகிவிடும். மெட்டலில் கிட்டார் தெளிவாகக் கேட்க வேண்டும், சிம்பல் காதைக் கீறக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். கையைக் கடிக்காத விலையில் அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கும். என்னிடம் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என் அப்பா தைரியநாதன் நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர், பெர்மனென்ட். நான் டிப்ளமா முடித்துவிட்டு அதே மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் போய் வந்துகொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் வாரக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் பகலில் எங்கள் குவார்ட்டர்ஸில் பல்லி கூட யோசித்துத்தான் கத்தும். அம்மா குக்கரை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பானையில் சோறு வடிப்பாள். காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிடுவாள். கீரைக்காரம்மாவிடம் கையாலேயே பேரம் பேசுவாள். டவுன்ஷிப்பில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஆக, எனக்கு ஹெட்ஃபோன் ஆடம்பரம் இல்லை.

முதலில் வைத்திருந்தது காதை முழுசாக மூடுகிற வகை. நெய்வேலி வெயிலில் அதை மாட்டினால் பாட்டு தொடங்குமுன் காது வெந்துவிடும். அதையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாவுக்கு ஒரு முறை நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வேலை செய்யும் இடத்திலும் தேவைப்படும் என்பதால் அதை யூனிஃபார்ம் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் சட்டையை ஹாலில் ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னறையில் போய்ப் படுத்துவிடுவார். மாத்திரையைத் தலைமாட்டில் வையுங்கள் என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அங்கே வைத்தால் வேலைக்குப் போகும்போது மறந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். மைன்ஸ்காரர்களின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததில்லை.

அம்மாவின் பயம் வேறு. அவள் குறிஞ்சிப்பாடிக்காரி, டவுன்ஷிப்பில் இத்தனை வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"எந்நேரமும் காதை அடைச்சிக்கினு உக்காந்துகினு இருக்க. நான் இல்லாத நேரத்துல அவரு கூப்ட்டா உனக்குக் கேக்குமாடா ரெஜின்?"

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் மந்தாரக்குப்பத்தில் ரியாசுதீன் பாய் கடைக்குப் போனேன். செல்போன் சாமான் விற்கிற சின்னக் கடை. பாய் கேட்பதெல்லாம் பழைய பாட்டுகள், ஆனால் எதைக் காதில் வைத்தாலும் அதன் குணத்தைச் சொல்லிவிடுவார். மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தூசி தட்டினார். ஹெட்ஃபோனின் பின்பக்கம் ஜன்னல் மாதிரி திறந்திருந்தது.

"இது ஓப்பன் பேக்கு தம்பி. கிட்டாரு காத்தோட்டமா கேக்கும், வேர்க்காது. ஆனா வெளிச்சத்தம் எல்லாம் உள்ள வந்துரும். பாட்டு ஓடிக்கினு இருக்கும்போதே பக்கத்துல யாரு பேசுனாலும் கேக்கும். அதனாலயே ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"எனக்கு அதுதான் பாய் வேணும்" என்றேன். அப்பா விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல புள்ளப்பா நீ" என்றார். விலையையும் குறைத்துக்கொண்டார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஹெட்ஃபோனை நான் அப்பாவின் குரல் கேட்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். அதை யாரும் மறுக்க முடியாது. அம்மாவிடம் இந்த விவரமெல்லாம் சொல்லவில்லை. "சின்ன சத்தமா வச்சுக்கிறேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு எல்லா ஹெட்ஃபோனும் காதை அடைக்கிற சனியன்தான். பல மாதம் நன்றாகவே போனது. அப்பா கூப்பிடுவார், நான் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு போவேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வெளியே வாடகை வீடு, என் கான்ட்ராக்ட் கூலி, அவர் மருந்துச் செலவு. எனக்கு ஏதாவது வழி பண்ணச் சொல்லி யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்று நின்று பார்த்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள், அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பின்வரிசையில் சண்முகசுந்தரம் சார் சர்வீஸில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். வாரிசு என்று மகனுக்கு வேலை கிடைத்தது. துக்கம் கேட்கப் போன இடத்திலேயே "பையன் குடுத்து வச்சவன்" என்று ஒருவர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் முகத்தைச் சுளிக்கவில்லை. நானும் சுளிக்கவில்லை.

அப்பாவே அதை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்ச நாள்தான்டா டைம். அதுக்குள்ள நான் போய்ட்டா நீ பெர்மனென்ட்டு. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் போனேன்னா வேஸ்ட்டு" என்பார். "வாயைக் கழுவுங்க, மாதாவே" என்று அம்மா அதட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். ஒரு நாள் மட்டும் அவர் சிரிக்கவில்லை. தட்டில் கையை வைத்தபடி, "உனக்கு ஒண்ணுமே பண்ண முடியலடா" என்றார். பிறகு நடந்ததை யோசிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர் எனக்கு ஏதாவது பண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அன்றைக்கு அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையை மாட்டினார், இட்லி சாப்பிட்டார், படுத்தார். மரியாயின் சேனைப் பெண்களோடு ஒரு நோயாளி வீட்டில் ஜெபம் சொல்ல அம்மா கிளம்பினாள். "அவரைப் பாத்துக்கடா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் கேட்டைச் சாத்தினாள். நான் ஹாலில் அந்த ஆணிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அது எப்போதும் நான் உட்காருகிற இடம்தான்.

கேட்டுக்கொண்டிருந்தது நீளமான பாட்டு. இடிமுழக்கமாகத் தொடங்கி, நடுவில் எல்லாம் அடங்கி, ஒற்றைக் கிட்டார் மட்டும் வாசிக்கிற இடம் ஒன்று அதில் வரும். நல்ல ஹெட்ஃபோனா இல்லையா என்பதை அந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம், விரல் கம்பியில் வழுக்குவது கூடக் கேட்கும். அங்கேதான் "ரெஜின்" என்று கூப்பிட்டார்.

பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். யாராவது கூப்பிட்டால் "தோ வரேன்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தானே எழுந்திருப்போம். நான் "தோ வரேன்" சொல்லவில்லை, அது உண்மைதான். மறுபடி கூப்பிட்டார். கன்வேயர் சத்தத்தோடு போட்டி போட்டே வளர்ந்த குரல் அவருடையது, டீ வேண்டும் என்று கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும். அன்றைக்கு அது சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "மாத்திரைடா" என்றார். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன். ஓப்பன் பேக்கில் அது ஒரு குறை, எவ்வளவு ஏற்றினாலும் வெளிச்சத்தம் இடுக்கில் புகுந்து வந்துவிடும். சொம்பு உருண்டது கூடக் கேட்டது. தலைக்கு மேல் ஃபேன் காற்றில் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்காமலே கையை நீட்டினால் பை எட்டும்.

நான் எதுவும் செய்யவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தை விட்டு நான் நகரவே இல்லை.

அம்மா வந்துதான் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலுக்குத்தான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அவளே எனக்காகப் பேசினாள். "புள்ள காதுல மாட்டிக்கினு இருந்தாங்க. அவன் என்னாங்க பண்ணுவான் பாவம், அவனுக்குக் கேக்கலையே." பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சந்திரகலா அக்காவும், "அந்தப் பேய்க்கத்தல் பாட்டுல இடி விழுந்தாக்கூடக் கேக்காதுங்க" என்றாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. ரியாசுதீன் பாயும் வந்திருந்தார். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து கேட்டைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு அவர் கடையில் நான் எதைக் கேட்டாலும் ஸ்டாக் இல்லை என்கிறார்.

வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் என் பேருக்கு மாறியது. இப்போது எனக்கும் நைட் ஷிஃப்ட் வாரம் வருகிறது. எனக்காக அம்மா குக்கரை உள்ளே வைக்கிறாள், பெல் ஒயரைக் கழற்றுகிறாள். அப்பா படுத்த பின்னறையில்தான் நான் படுக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் தொண்டை வறண்டு விழிப்பு வந்தது. "அம்மா, தண்ணி" என்றேன். பாதித் தூக்கத்தில் சொன்னது, சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

"இந்தாடா" என்று சொம்போடு வந்து நின்றாள். தலையில் என் ஹெட்ஃபோன், இன்னொரு கையில் என் செல்போன். மகன் எதைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டது கேட்காமல் போனது என்று ஒரு தடவை பார்த்துவிடத் தோன்றியிருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் வழியாகக் கசிந்த சத்தம் கட்டில்வரை கேட்டது, இரட்டை டிரம் வெளுத்து வாங்குகிற இடம். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் என் குரல் கேட்டு வந்திருக்கிறாள்.

அவள் என்னைப் பார்த்தாள். சொம்பையும் செல்போனையும் தரையில் வைத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி, பின்னாலிருந்த திறப்பை விரலால் தடவிப் பார்த்தாள். அதையும் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் இன்றுவரை கேட்கவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஓடி வந்து நிற்கிறாள். என் பேரைச் சொல்லி மட்டும் கூப்பிடுவதில்லை. பாவம், அவள் எங்கே போவாள், வீடு என் பேரில் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தனியாக இருக்கிறவர் என்றால் யோசிக்காமல் ஓப்பன் பேக் வாங்குங்கள், இந்த விலைக்கு மெட்டலை அதைப் போல் வேறொன்று கொடுக்காது. வீட்டில் ஆட்கள் இருந்தால் காதை மூடுகிறதையே வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்று சொன்னால் அது உண்மையாகவாவது இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மட்டும் விடுவானேன். பாட்டு முடியட்டும் என்று இருந்தேன் என்றேன் அல்லவா, அது பொய்யில்லை. பாட்டு முடிந்தது. அப்பா அப்போதும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன்.